விபத்துக் கட்சியும் அலட்சியக் கட்சியும்

புதிதாக ரேஞ்ச் ஆபீசருக்கான சிவப்புச் சட்டை வாங்கியிருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கிளப்பில் கேட்டார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்தால் யாரையாவது திட்டிவிடுவேன் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் எழுதித் தருகிறேன். திட்டு இதிலும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் என்னைத்தான்.

கிள்ளானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய இந்தச் சுடும் திடலில் இருபத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் தட்டச்சு செய்ய வந்தவள், சுடுபவர்களை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசராகி ஓய்வு பெற்றேன். எங்கே நிற்பது, எப்போது விசில் ஊதுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது பேச்சைப் பற்றி. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். இந்த நாட்டில் ஒரு லைசன்ஸ் வாங்குவதற்குப் படும் பாடு அப்படி. அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியவர் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பாரா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உறுப்பினரிடம், "சார், உங்க ஆயுதத்தை மேசையில வைங்க" என்றேன். போலீஸ் விண்ணப்பப் பாரத்தில் மலாயில் 'சுடும் ஆயுதம்' என்றுதான் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "ஆயுதமா? நான் என்ன ரவுடியா? இது விளையாட்டுக் கருவி லா" என்றார். பக்கத்தில் காட்டுப்பன்றி சுட ஷாட்கன் வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒருவர் நின்றார். "கருவியாம் கருவி. பன்னிகிட்ட போய்ச் சொல்லுங்க" என்று சிரித்தார். அவருக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். இருவருக்கும் வார்த்தை முற்றிவிட்டது. உங்களைப் போன்றவர்களால்தான் சர்க்கார் எங்களைச் சந்தேகப்படுகிறது என்று உறுப்பினர் சொல்ல, உங்களைப் போன்றவர்கள் பொழுதுபோகாமல் சுடுவதால்தான் எங்களுக்குத் தோட்டா கிடைப்பதில்லை என்று தோட்டக்காரர் சொல்ல, நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்களுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் வந்து, மேசையில் கிடந்த கைத்துப்பாக்கியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு தோட்டா இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன பேரு வேணா வைக்கட்டும். நீ முதல்ல உள்ள பாரு" என்றார். அன்று அதைச் சிடுசிடுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஓய்வுபெற்றுப் போனபோது நான் அழக்கூட இல்லை.

இனி, என் தலையில் விழுந்த கதைக்கு வருகிறேன்.

பிரான்சிஸ் அங்கிளை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கிளப் தகரக் கொட்டகையாக இருந்த நாளில் சேர்ந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கு வருவார். அங்கிருந்து யாராவது காரில் ஏற்றி வருவார்கள். அவருடைய கைத்துப்பாக்கி கிளப்பின் பாதுகாப்பு அறையிலேயே இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு நிற்கவும் மூச்சுவிடவும் சொல்லிக் கொடுப்பது அவர்தான். அதற்குக் கூலி, இடைவேளையில் ஒரு தே ஓ, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து அதிகாரியிடம் காட்ட வேண்டும். அதிகாரி உள்ளே பார்த்து, காலி என்று தெரிந்த பிறகு தோளில் தட்ட வேண்டும். தட்டினால்தான் பையில் வைக்கலாம். இது விதி. பழக்கம் என்னவென்றால், மூத்த உறுப்பினர்கள் காட்டுவதில்லை. "கிளியர்" என்று வாயால் சொல்வார்கள், நாங்கள் தோளில் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவோம். அங்கிளின் துப்பாக்கிக்குள் எட்டிப் பார்ப்பது, மாமனாரிடம் அடையாள அட்டை கேட்பது போல. யாரும் செய்யமாட்டார்கள். நானும் செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் அங்கிள் "கிளியர்" என்றார். நான் தட்டினேன். இரண்டு அடி நகர்ந்திருப்பேன், பின்னால் வெடித்தது. பையில் வைக்கப் போன துப்பாக்கி. தோட்டா சிமெண்டுத் தரையில் பட்டு, பெயர்ந்த சில்லு ஒன்று ஷாலினியின் கணுக்காலைக் கிழித்தது. ஷாலினி காஜாங்கில் இருந்து வரும் ஆஸ்பத்திரித் தாதி, புதிய உறுப்பினர். அது அவளுக்கு மூன்றாவது வகுப்பு. அவள் கத்தவில்லை. தன் கைக்குட்டையாலேயே காலைக் கட்டிக்கொண்டு, "அங்கிள், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாலினிக்கு நான்கு தையல். சாயங்காலம் நான் சம்பவப் பாரத்தை நிரப்பினேன். 'கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. விபத்து.' ஒன்றரை வரி. கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அங்கிளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். எனக்கும் நல்லது செய்துகொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கிளப்பின் வாட்ஸ்அப் பற்றிக்கொண்டது. பற்ற வைத்தவர் நாதன். ஷா ஆலமில் குத்தகை வேலை எடுத்துச் செய்பவர். போட்டிகளில் கோப்பை வாங்குபவர். காட்டுப்பன்றிக்காக வீட்டில் ஒரு ஷாட்கனும் வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவர். அவர் குரல் செய்தியே அனுப்பினார்: "விபத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. துப்பாக்கி தானா வெடிக்காது. அலட்சியம், அவ்வளவுதான். பாரத்தை மாத்தி எழுதணும்." அடுத்த நிமிடமே எதிர்க்கட்சி கிளம்பிவிட்டது. "அங்கிள் நாப்பது வருஷமா சுடறாரு, நீ நேத்து வந்தவன்." "அலட்சியம்னு எழுதினா அவர் லைசன்ஸ் போயிடும், தெரியும்தானே?" "எழுதலன்னா நம்ம கிளப்பே போயிடும்."

ஒரு வாரம் முழுக்க இதே பேச்சு. பாதிப் பேர் விபத்துக் கட்சி, பாதிப் பேர் அலட்சியக் கட்சி. ஒருவர் எந்த வார்த்தையைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு செய்துவிட்டார்கள். விபத்து என்று சொன்னவர் இளகிய மனசுக்காரர், அல்லது சட்டத்தை மதிக்காதவர். அலட்சியம் என்று சொன்னவர் நேர்மையானவர், அல்லது பெரியவரைக் காட்டிக் கொடுப்பவர். துப்பாக்கியை ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, பழுது எதுவும் இல்லை என்று சொன்னார். அதையும் இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. வார்த்தை கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகு எதற்குக் கேள்வி?

கேட்டது ஒருத்திதான். புதன்கிழமை ஷாலினி நொண்டிக்கொண்டே அலுவலகத்துக்கு வந்தாள். சிகிச்சைக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு அங்கிளோட கன்னுக்குள்ள நீங்க பாத்தீங்களா?"

"தோள்ல தட்டினேனே, நீ பாக்கல?" என்றேன்.

"தட்டினீங்க. அதைப் பாத்தேன்."

போகும்போது வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வேலையில் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒன்றரை வரிப் பாரம்தான் முதல் பொய். இது இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாரம் போலீசுக்குப் போகும். போய்விட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அங்கிள் வீடு நாலாவது மாடி. ஆன்டி கதவைத் திறந்து, "சனிக்கிழமையில இருந்து சரியாவே சாப்பிடலம்மா, நீயாச்சும் சொல்லு" என்றார். அங்கிள் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா மா. பாரத்துல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார்.

"பிரச்சனை எங்கிட்டதான் அங்கிள். நான் உள்ள பாக்கல. பாக்காமலே தட்டினேன். பாத்திருந்தா ஒரு தோட்டா இருந்தது தெரிஞ்சிருக்கும்."

"நானும் பாக்கலம்மா" என்றார்.

"அது சரி. ஆனா வெடிச்சது எப்படி? பையில வைக்கும்போது விரல் விசையில இருந்துச்சா?"

"அதுதான் எனக்குத் தெரியல."

"தெரியலன்னா?"

வலது கையை நீட்டினார். ஆட்காட்டி விரலின் நுனியை இடது கை நகத்தால் அழுத்திக் கிள்ளினார். தோல் வெளுத்து, பிறகு சிவந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இனிப்புநீர், சர்க்கரை வியாதி. ஒரு வருஷமா இந்த விரல்ல உணர்ச்சி இல்ல. சுடும்போது கண்ணால பாத்து வைப்பேன். பையில வைக்கும்போது யார் பாக்கறா? விசை மேல இருந்திருக்கும். எனக்குத் தெரியாது மா, சத்தியமா தெரியாது."

ஆன்டி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஏன் அங்கிள் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. கோபம்தான். ஒரு வருடமாக எத்தனை புதுப் பிள்ளைகள் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

"சொன்னா சனிக்கிழமை போயிடும்" என்றார். பிறகு, "அன்னிக்கே உங்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள நீ விபத்துன்னு எழுதிட்ட. சரி, இனி சொல்ல வேண்டியதில்லைன்னு நினைச்சேன். அப்புறம் நாதன் அலட்சியம்னு ஆரம்பிச்சான். அதுக்கு மேல எப்படி வாய் திறக்கிறது? தப்பிக்கறதுக்கு நோயைக் காரணம் காட்டறான் கெழவன்னு சொல்வாங்க" என்றார்.

பிள்ளைகளே, இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் வார்த்தை அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. நாதனின் வார்த்தை அவர் வெளியே வரும் வழியை அடைத்தது. இரண்டு கட்சியும் சேர்ந்துதான் அவர் வாயை மூடினோம். ஒரு பக்கம் அன்பு, இன்னொரு பக்கம் நேர்மை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

அங்கேயே, அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து பாரத்தைத் திரும்ப எழுதினேன். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், யார் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை. 'அதிகாரியாகிய நான் துப்பாக்கிக்குள் பார்க்காமல் தோளில் தட்டினேன்' என்று எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. அங்கிளின் விரலைப் பற்றிய வரியை எழுதும் முன் அவரிடம் கேட்டேன். "எழுது மா. இல்லன்னா அந்தப் பொண்ணு கால்ல பட்டது எதுக்குன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்றார். லைசன்ஸ் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் தலைவர் பாரத்தை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் நாதன்தான் முதலில் கேட்டார். "இதுல விபத்தா அலட்சியமான்னு எங்க இருக்கு?"

"இல்ல" என்றேன். "நடந்தது இருக்கு. பேரு வேணும்னா நீங்க வச்சுக்குங்க."

வழக்கமாக அந்த அறையில் ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார். அன்று எல்லோரும் தலைவர் கையில் இருந்த பாரத்தையே பார்த்தார்கள். கடைசியில் விபத்துக் கட்சியின் பெரிய வாய்க்காரர் ஒருவர், "நாமளும் காட்டறதில்லதானே?" என்று மெதுவாகக் கேட்டார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. தலைவர் கைதூக்கச் சொன்னார். கடந்த ஓராண்டில் துப்பாக்கியைத் திறந்து காட்டாமல் வாயால் மட்டும் 'கிளியர்' சொன்னவர்கள் யார்? காயம்பட்டவள் என்று அழைத்திருந்த ஷாலினியைத் தவிர, அந்த அறையில் இருந்த எல்லாக் கையும் மேலே போனது. தலைவருடையதும்தான். இன்று நீங்கள் யார் துப்பாக்கியாக இருந்தாலும் உள்ளே பார்க்கிறீர்களே, அந்த விதி திரும்ப உயிர் பெற்றது அன்றைக்குத்தான். ஒரு வாரம் வார்த்தைக்காகச் சண்டை போட்டவர்கள் இதை முடிவு செய்யப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

எனக்கு ஆறு மாதம் திடலில் இறங்கத் தடை. நியாயம்தான். ஆனால் நியாயம் என்று தெரிந்தும் வீட்டுக்குப் போய் அழுதேன். அங்கிள் போலீஸ் நோட்டீஸுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே தானாகப் போய்த் துப்பாக்கியையும் லைசன்ஸையும் ஒப்படைத்துவிட்டார். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. ஷாலினி மட்டும் மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் அவர் கால், கை விரல்களைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளை அனுப்பியது நான் இல்லை.

தடைக்காலத்தில் நான் மறுபடி அலுவலகத் தட்டச்சுக்காரி. ஒரு நாள் மத்தியானம் நாதன் வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஏதோ புகார்தான் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன்.

"அக்கா, அந்தப் பாரம் மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

"யாருக்கு?"

அவர் உட்கார்ந்தார். கண்ணை மேசையில் இருந்து எடுக்காமலே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டில் ஷாட்கனைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது. அலமாரியைத் துளைத்துக்கொண்டு சுவரில் போய் ஏறியது. மனைவி பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். அலமாரியில் கரையான் என்று சொல்லி வெளியே எறிந்துவிட்டு, சுவரையும் தானே பூசிவிட்டார். சத்தம் கேட்டவர்களிடம் பட்டாசு என்றார். யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

இந்த வாயை வைத்துக்கொண்டா ஒரு வாரம் அந்தப் பெரியவரை அப்படிக் கிழித்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அதனாலதான் அக்கா அந்த வார்த்தையை விடாம பிடிச்சுக்கிட்டேன். சத்தமா சொல்லச் சொல்ல, அலட்சியக்காரன் வேற யாரோன்னு தோணும். அங்கிள் விரலைப் பத்தித் தலைவர் படிச்சப்ப, எனக்கு என் வீட்டுச் சுவருதான் தெரிஞ்சது." பிறகு கேட்டார். "இதை என்னன்னு எழுதறது?"

எனக்குத் திட்டத் தெரியும், சமாதானம் சொல்லத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "பேரு எல்லாம் அப்புறம். முதல்ல உங்க கை என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க" என்றேன்.

எழுத ஆரம்பித்தார். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. துப்பாக்கியை எங்கே வைத்திருந்தார், திறந்து பார்த்தாரா இல்லையா, விரல் எங்கே இருந்தது. மூன்று வரி தடையில்லாமல் வந்தது. நான்காவது வரியில், 'சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து வரச் சொன்னேன்.